மண் விழிக்கும் வரை

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென்பகுதியில் இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நேஷனல் மைதானத்தில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கிறது. தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தப் புல்லின் பச்சைதான். விளிம்பெங்கும் அசேலியா பூத்திருக்க, ஒரு பழுத்த இலைகூட இல்லாத பச்சை. அதே வாரத்தில், ஆயிரம் கிலோமீட்டரும் அதற்கு மேலும் வடக்கே மிச்சிகனிலும் மினசோட்டாவிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் கோல்ஃப் மைதானங்கள் வைக்கோல் நிறத்தில் நீர் கோத்துக் கிடக்கின்றன. மர நிழல்களில் அழுக்கேறிய வெண்பனி இன்னும் கரையவில்லை. "அங்கே அப்படி இருக்கிறதே, நம் மைதானம் மட்டும் ஏன் இப்படி?" என்று வடக்கே உள்ள கிளப் உறுப்பினர்கள் தங்கள் மைதானக் கண்காணிப்பாளரைக் கேட்பது வழக்கம். இந்தக் கேள்விக்கு அத்தொழிலில் 'அகஸ்டா சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். பதில் மண்ணுக்குள் இருக்கிறது. வடக்கே ஒரு கோல்ஃப் மைதானத்தை வசந்தத்துக்குத் தயார் செய்வது என்பது, வெட்டுவதும் உரமிடுவதும் தொடங்குவதற்கு முன்பே, ஓர் உயிர் பிழைத்திருக்கிறதா என்று அறிவதும் அது எழும்வரை பொறுத்திருப்பதும்தான். புல் எப்படிக் குளிரைக் கடக்கிறது என்பது தெரிந்தால் அந்தப் பொறுமையின் அருமையும் தெரியும்.

அகஸ்டாவின் பச்சை

முதலில் அகஸ்டாவின் இரகசியத்தைப் பார்த்துவிடலாம். அங்கே ஃபேர்வே எனப்படும் நீண்ட ஆடுபாதைகளில் நிலையாக வளர்வது பெர்முடா புல். தாவரவியலில் அதன் பெயர் சைனோடான் டாக்டிலான். நம் ஊரில் வரப்பெல்லாம் படர்ந்து கிடக்கிற, பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல் அதே இனம்தான். வெப்ப நாட்டுப் புல்லான அது, மண் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும்போது வளர்ச்சியை நிறுத்தி, பச்சையத்தை இழந்து, பழுப்பாகி உறங்கிவிடும். அதனால் இலையுதிர்காலத்திலேயே அதன்மேல் குளிர்நாட்டுப் புல்லான ரைகிராஸ் விதையைத் தூவிவிடுகிறார்கள். ஏப்ரலில் நாம் பார்க்கும் பச்சை, உறங்கும் அருகின் மேல் நிற்கும் அந்த ரைகிராஸின் பச்சை. குழி இருக்கும் வழவழப்பான கிரீன் பகுதிகளில் மட்டும் 1981 முதல் பென்ட்கிராஸ் என்ற குளிர்நாட்டுப் புல் இருக்கிறது. கோடை முழுவதும் மைதானம் மூடப்பட்டு, அக்டோபரில்தான் திறக்கிறது. ஆக, உலகம் பார்க்கும் அந்த ஒரு வாரத்துக்காக ஆண்டு முழுவதும் திட்டமிட்டு உருவாக்கிய காட்சி அது.

மிச்சிகனுக்கு இந்த வழி இல்லை. அங்கே மண்ணே பல வாரங்கள் உறைந்து கிடக்கிறது. அங்கு வளர்பவையும் குளிர்நாட்டுப் புற்கள்தாம். அவற்றுக்கும் குளிர்காலம் உயிர்ப் போராட்டமே.

உயிர் இருக்கும் இடம்

பதினெட்டுக் குழி கொண்ட ஒரு மைதானம் ஏறக்குறைய 150 ஏக்கர் பரப்பில் இருக்கும். அதில் கிரீன்கள் பதினெட்டையும் சேர்த்தாலும் சுமார் 3 ஏக்கர்தான். ஆனால் ஆட்டக் கணக்கின்படி ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடிகள் கிரீனில் அடிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டவை. அப்படியானால் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாகக் கணக்கிடும் 72 அடிகளில் சரிபாதி இந்த 3 ஏக்கரில் நடக்கிறது. கண்காணிப்பாளரின் கவலையெல்லாம் இங்கேயே குவிவதற்குக் காரணம் இதுதான்.

கிரீனில் புல்லின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். நாள்தோறும் தலையை வெட்டியும் அது சாவதில்லை. பெரும்பாலான செடிகளுக்கு வளர்முனை நுனியில் இருக்கிறது. புல்லுக்கோ அடியில், மண்மட்டத்தை ஒட்டி இருக்கிறது. நெல் பயிரிடுவோர் தூர் என்று சொல்லும் அந்த இடத்திலிருந்துதான் இலை மேலே தள்ளப்படுகிறது, வேர் கீழே இறங்குகிறது, பக்கக் கிளைகள் வெடிக்கின்றன. சில மில்லிமீட்டர் அளவே உள்ள இந்தத் திசு பிழைத்தால் புல் பிழைக்கும். இலை முழுதும் கருகினாலும் கவலையில்லை. தூர் செத்தால், மேலே எவ்வளவு பச்சை தெரிந்தாலும் பயனில்லை.

இலையுதிர்காலத்தில் பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் தூர் தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. தன் செல்களிலுள்ள நீரைக் குறைத்துச் சர்க்கரைகளைச் சேர்க்கிறது. குளிரில் இறுகிப்போகாதபடி செல்சவ்வின் கொழுப்பு அமைப்பை மாற்றுகிறது. கடுங்குளிர் வரும்போது பனிக்கட்டிப் படிகங்கள் செல்லுக்கு உள்ளே உருவாகாமல், செல்களுக்கு இடையிலுள்ள வெளியில் உருவாகின்றன. செல்லுக்குள் உருவாகும் படிகம் சவ்வைக் கிழித்துக் கொன்றுவிடும். வெளியே உருவாவதைப் புல் தாங்கிக்கொள்ளும். இப்படி முழுமையாகப் பழகிய பென்ட்கிராஸ் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழான குளிரைத் தாங்கிப் பிழைக்கக்கூடியது. பேச்சோ நகர்வோ இல்லாத ஓர் உயிர், வரப்போகும் குளிரை முன்கூட்டி உணர்ந்து தன் வேதியியலையே மாற்றி எழுதுகிறது.

ஆபத்து வெயிலோடு வருகிறது

வடநாட்டுப் புல் பெரும்பாலும் சாவது ஜனவரியின் உச்சக் குளிரில் அன்று. பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும், வானம் தெளிந்து வெயில் அடிக்கிற நாட்களுக்குப் பின்தான்.

இதைப் புரிந்துகொள்ள இன்னொரு புல்லை அறிய வேண்டும். போவா அன்னுவா என்பது அதன் பெயர். ஐரோப்பாவிலிருந்து வந்து வட அமெரிக்காவின் பழைய மைதானங்களில் எல்லாம் குடியேறிவிட்ட புல் இது. யாரும் விதைக்காமலே வரும். 3 மில்லிமீட்டர் உயரத்திலும் பூத்து விதை விடும். பல பழைய கிரீன்களில் பென்ட்கிராஸைவிட இதுவே அதிகம். இதன் பலவீனம், வெயிலை நம்பிவிடுவது. சில நாட்கள் தொடர்ந்து மண் இளஞ்சூடு கண்டால் போதும், குளிர்காலம் முடிந்துவிட்டதென்று கொண்டு தூருக்குள் நீரை இழுக்கத் தொடங்கிவிடும். உருகிய வெண்பனி தாழ்ந்த இடங்களில் தேங்கி அந்த நீரைத் தாராளமாகத் தருகிறது. நான்கு மாதம் பாடுபட்டு அடைந்த காப்பு சில நாட்களில் கரைந்துபோகிறது. பிறகு ஓர் இரவு வெப்பநிலை திடீரென உறைநிலைக்கு வெகு கீழே இறங்குகிறது. நீர் நிறைந்த தூருக்குள் பனிக்கட்டி பரவுகிறது, செல்கள் கிழிகின்றன. பென்ட்கிராஸ் அவ்வளவு எளிதில் விழிப்பதில்லை. தாமதமாகப் பச்சையாகிறது என்று வசந்தத்தில் அதைக் குறை சொல்வார்கள். அந்தத் தாமதமே அதன் ஆயுள்.

இரண்டாவது ஆபத்து பனிக்கட்டி மூட்டம். குளிர்கால மழை கிரீன்மேல் விழுந்து அப்படியே உறைந்தால், கண்ணாடித் தகடுபோல் பனிக்கட்டி மூடிவிடும். உறக்கத்திலும் புல் மெல்லச் சுவாசிக்கிறது, மண்ணின் நுண்ணுயிர்களும் சுவாசிக்கின்றன. தகட்டுக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்து, கார்பன் டை ஆக்சைடும் நச்சுப் பொருட்களும் சேர்கின்றன. 1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் புல் அறிவியலாளர் ஜேம்ஸ் பியர்டு, புற்களைப் பனிக்கட்டிக்குள் வைத்து எத்தனை நாள் தாங்குகின்றன என்று ஆராய்ந்தார். அவர் தொடங்கிவைத்த ஆய்வுவழியில் கண்காணிப்பாளர்கள் இன்று வைத்திருக்கும் கணக்கு இது: போவா 45 முதல் 90 நாட்களுக்குள் இறந்துவிடும். பென்ட்கிராஸ் 120 நாட்கள்வரைகூடத் தாங்கும். பனிக்கட்டி விழுந்த தேதியைக் குறித்துவைத்து நாட்களை எண்ணிக்கொண்டிருப்பது அவர்களுடைய குளிர்காலப் பழக்கம். உடைக்கும்போது அடியிலிருந்து அழுகல் வாடை வந்தால் நெஞ்சு திக்கென்றுவிடும்.

மூன்றாவது, வெண்பனிக்கு அடியில் வளரும் பூஞ்சை. வெண்பனி உண்மையில் புல்லுக்கு நல்லது. காற்று மைனஸ் 25 டிகிரியில் இருந்தாலும், தடித்த வெண்பனிக்கு அடியில் மண் உறைநிலையை ஒட்டியே நின்றுவிடும். அந்த இருட்டும் ஈரமும் டைஃபுலா என்ற பூஞ்சைக்கும் ஏற்ற இடமாகிவிடுகின்றன. ஏறக்குறைய இரண்டு மாதம் வெண்பனி நீடித்தால் அது நன்றாகப் பரவும். உருகியபின் சாம்பல் நிற வட்டங்கள் தெரியும். இலைகளில் கடுகளவு பழுப்பு மணிகள் ஒட்டியிருக்கும். மருந்து தெளிப்பதென்றால் வெண்பனி விழுவதற்கு முன்பே, நவம்பர் வாக்கில், தெளித்திருக்க வேண்டும். வசந்தத்துக்கான தயாரிப்பு முந்தைய இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பது இதனால்தான்.

குளிர்காலத்தில் ஒரு பரிசோதனை

பிழைத்ததா இல்லையா என்று ஏப்ரல்வரை தெரியாமல் இருக்க முடியாது. அதனால் குளிர்காலத்தின் நடுவிலேயே கண்காணிப்பாளர்கள் உறைந்த கிரீனிலிருந்து கையளவு புல்துண்டுகளை வெட்டி எடுத்து வருகிறார்கள். சன்னலோரமாகவோ விளக்கடியிலோ வைத்து, நீர் விட்டு, ஓரிரு வாரம் பார்க்கிறார்கள். பச்சை துளிர்த்தால் நிம்மதி. துளிர்க்காவிட்டால், எந்த கிரீனில் எவ்வளவு இடம் போயிற்று என்று கணக்கிட்டு விதையும் நாற்றுப்புல்லும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம், உறுப்பினர்களிடமும் உண்மையைச் சொல்லிவிடலாம்.

பிப்ரவரிக்குப் பின் முடிவுகள் கடினமாகின்றன. பனிக்கட்டியை உடைத்து அகற்றலாமா? சீக்கிரம் அகற்றினால் புல் கடுங்குளிருக்கும் வறண்ட காற்றுக்கும் ஆளாகும். தாமதித்தால் மூச்சுமுட்டும். சிலர் கறுப்பு மணலைப் பனிக்கட்டிமேல் தூவுகிறார்கள். வெண்பரப்பு திருப்பி அனுப்பிவிடும் வெயிலைக் கருமை உறிஞ்சிக்கொள்வதால், மணலைச் சுற்றிப் பனிக்கட்டி துளைபட்டு உருகுகிறது. உருகிய நீர் வடியும் வழியில் வெண்பனி குவிந்திருந்தால் அதை வெட்டி ஒதுக்கி வாய்க்கால் விடுகிறார்கள். தேங்கிய நீர் இரவில் உறைவதற்குள் வெளியேற வேண்டும். மார்ச் மாதத்தில் ஒரு மண்வெட்டியால் பிழைக்கும் புல், மே மாதத்தில் எத்தனை மூட்டை உரம் போட்டாலும் பிழைக்காது.

மண் சொல்லும் நேரம்

வெண்பனி போன பிறகும் மைதானம் திறப்பதில்லை. வெயில் அடிக்கும், காற்று இதமாக இருக்கும், மட்டையோடு ஆட்கள் வாசலில் நிற்பார்கள். ஆனால் மண்ணின் மேல் சில சென்டிமீட்டர் மட்டுமே இளகியிருக்கும். அதற்குக் கீழே இன்னும் உறைந்திருக்கும். மேலே உள்ள நீர் கீழே இறங்க வழியில்லாததால் அந்த மெல்லிய அடுக்கு குழைந்த சேறாகிறது. அதன்மேல் நடந்தால் இளகிய அடுக்கு உறைந்த அடுக்கின்மேல் வழுக்குகிறது, இரண்டிலும் ஊன்றியிருக்கும் வேர் அறுந்துபோகிறது. அன்று மேலே எதுவும் தெரியாது. வெப்பம் ஏறும் ஜூனில், வேரில்லாத புல் வாடும்போதுதான் தெரியும்.

காற்றைவிட மண் மெதுவாகச் சூடாகிறது. புல் கேட்பது மண்ணின் சொல்லைத்தான். குளிர்நாட்டுப் புற்களின் வேர் 10 முதல் 18 டிகிரி மண் வெப்பத்தில் நன்றாக வளர்கிறது. இலை 15 முதல் 24 டிகிரியில். ஆகவே வசந்தத்தில் வேருக்குச் சில வாரம் முன்னுரிமை கிடைக்கிறது. அந்த வாரங்களில் நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போட்டால், இலை பொங்கி எழுந்து, வேருக்குச் சேரவேண்டிய சேமிப்பைத் தின்றுவிடும். பச்சையாகவில்லையே என்ற அவசரம் கோடையில் வேரற்ற புல்லாக முடியும்.

மண்ணை அளக்க வெப்பமானி உண்டு, செடிகளும் உண்டு. ஃபோர்சித்தியா என்ற புதர், இலை விடுமுன்பே கிளை முழுவதும் மஞ்சளாய்ப் பூக்கும். அதை ஒட்டிய காலத்தில் மண் சுமார் 13 டிகிரியை அணுகுகிறது. கிராப்கிராஸ் என்ற களைப்புல்லின் விதை முளைக்கும் வெப்பம் அது. முளைப்பதைத் தடுக்கும் மருந்தை அதற்கு முன் போட்டாக வேண்டும், முளைத்தபின் போட்டுப் பயனில்லை. வடகிழக்கு மாநிலங்களில், போவாவைத் தின்னும் ஒருவகைக் கூன்வண்டு குளிர்கால மறைவிடத்திலிருந்து ஃபேர்வேக்குப் புறப்படுவதையும் இதே மஞ்சள் பூவை வைத்துத்தான் கணிக்கிறார்கள். நாட்காட்டி ஆண்டுக்கு ஆண்டு பொய்க்கும், பூ அவ்வளவாகப் பொய்ப்பதில்லை. பூவும் விதையும் வண்டும் நாளுக்கு நாள் கூடிவரும் வெப்பத்தைத் தத்தம் உடலில் எண்ணிக்கொண்டிருக்கின்றன.

மணலுக்குள் தொங்கும் நீர்

மண் உலர்ந்து இறுகியதும் இயந்திரங்கள் வருகின்றன. முதல் வேலை, பார்ப்பவருக்குக் கொடுமையாகத் தோன்றும் வேலை. கிரீன் முழுவதும் ஆயிரக்கணக்கான துளைகள் போட்டு, விரல் பருமனில் மண்ணையும் சருகையும் உருளை உருளையாகப் பிடுங்கி எடுக்கிறார்கள். இதன் தேவையை அறிய, கிரீனின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ 1960ல் கிரீன் கட்டுவதற்கான ஒரு முறையை வெளியிட்டது. அடியில் வடிகுழாய்கள், அவற்றின்மேல் 10 சென்டிமீட்டர் சரளைக்கல், அதன்மேல் 30 சென்டிமீட்டர் மணற்கலவை. சாதாரணமாக யோசித்தால், மணலில் விழுந்த நீர் சரளைக்குள் சட்டென்று இறங்கிவிடும் என்றே தோன்றும். நடப்பது வேறு. மணலின் நுண்துளைகள் நீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. சரளையின் அகன்ற இடைவெளிகளுக்கு அந்தப் பிடி இல்லை. எனவே எல்லைக்கோட்டில் நீர் நின்றுவிடுகிறது. நனைந்த பஞ்சைத் தூக்கிப் பிடித்தால் அடிப்பகுதியில் நீர் கோத்து நிற்கிறதே, அதுபோல. மேலும் மழை பெய்து, அந்த நீரடுக்கின் உயரம் போதிய அளவு கூடி, அதன் எடை மணலின் பிடியை மீறும்போதுதான் மிகுதி நீர் சரளைக்குள் கொட்டி வடிகிறது. வறண்ட நாளில் வேருக்குச் சேமிப்பு, பெருமழையில் விரைவான வடிகால் என்று இரண்டையும் எந்திரமும் மின்சாரமும் இல்லாமல் மணலும் கல்லும் மட்டுமே செய்கின்றன.

இந்த அமைப்பைக் கெடுப்பது புல்லேதான். இறந்த வேரும் தண்டும் மக்காமல் மேற்பரப்பில் சருகுப்படலமாகச் சேர்கின்றன. அது நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, காற்றை உள்ளே விடாமல், பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான காலடிகள் மண்ணை அமுக்குகின்றன. துளையிட்டு உருளைகளை எடுப்பதால் படலம் குறைகிறது. துளைகளில் உலர்ந்த மணலை நிரப்பும்போது, நீரும் காற்றும் வேரும் இறங்கப் புதிய வழிகள் கிடைக்கின்றன. மணல் தூவும் பழக்கம் இன்று நேற்று வந்ததன்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தை 1860களிலிருந்து பல பத்தாண்டுகள் பராமரித்த ஓல்டு டாம் மோரிஸ், மணல் தூவினால் புல் செழிப்பதைக் கண்டு அதைத் தன் வழக்கமாக்கிப் பரப்பியவர். வேதியியலும் இயற்பியலும் பின்னர் விளக்கியதை, கடற்கரையில் நாளெல்லாம் நின்ற ஒருவரின் கண் முன்பே பிடித்திருந்தது.

கடைசியாகக் கத்தி

துளைகள் ஆறும்போது வெட்டும் உயரத்தைச் சிறிது சிறிதாக இறக்குகிறார்கள். ஒரே தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பது புல்வளர்ப்பின் அடிப்படை விதி. இலைதான் உணவு தயாரிக்கும் இடம். அது திடீரெனக் குறைந்தால் வேர் வளர்ச்சி நின்றுவிடும். கிரீனை வெட்டும் இயந்திரத்தில் உருளையில் பொருத்திய வளைந்த கத்திகள், அடியிலுள்ள நிலையான கத்தியோடு உரசிக் கத்தரிக்கோல்போல் நறுக்குகின்றன. கத்தி மழுங்கியிருந்தால் இலை கிழிந்து, நுனி வெளுத்து, நோய்க்கு வாசல் திறக்கும். குளிர்காலம் முழுவதும் பட்டறையில் கத்தி தீட்டப்படுவது இதற்காகத்தான்.

பந்து எவ்வளவு உருள்கிறது என்பதற்கும் அளவுகோல் உண்டு. 1935ல் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த யுஎஸ் ஓப்பன் போட்டியைப் பார்த்த எட்வர்டு ஸ்டிம்ப்சன், அந்த கிரீன்களின் வேகத்தை எண்ணால் சொல்ல வேண்டும் என்று எண்ணி, பள்ளம் வெட்டிய ஒரு சாய்கோலை உருவாக்கினார். கோலை மெல்ல உயர்த்தினால் பந்து ஒரே வேகத்தில் இறங்கி உருளும். அது ஓடிய தூரத்தை அடிக்கணக்கில் சொல்வார்கள். யுஎஸ்ஜிஏ அதைச் செம்மைப்படுத்தி 1978ல் மைதானங்களுக்கு வழங்கியது. ஏப்ரலில் அந்த எண் குறைவாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

மைதானம் திறந்த பின்னும் சில காலைகளில் உறைபனி விழும். அன்று ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கும். உறைந்த இலையை மிதித்தால் உள்ளிருக்கும் பனிப்படிகங்கள் செல்களை உடைக்கின்றன. சில நாளில் அந்தக் காலடித் தடங்கள் கறுத்தும் பழுத்தும் தெரியும். தூர் தப்பிவிடுவதால் புல் பெரும்பாலும் மீண்டுவிடும், ஆனால் குளிர்ந்த வசந்தத்தில் அதற்கு வாரங்கள் பிடிக்கும். வெயில் படிகங்களை உருக்க எடுத்துக்கொள்ளும் ஒரு மணி நேரத்தைக் காத்திருந்தால் இந்த இழப்பு முழுவதையும் தவிர்க்கலாம்.

டொராண்டோவிலும் டெட்ராய்டிலும் வாழும் நம் வாசகர்களுக்கு இது மைதானச் செய்தி மட்டும் அன்று. உங்கள் வீட்டு முற்றத்தில் வளர்வதும் குளிர்நாட்டுப் புல்தான். போவாவும் எங்காவது குடியேறியிருக்கும். மார்ச் வெயிலைக் கண்டதும் சேறான புல்வெளியில் இறங்கி வாராதீர்கள். உரமூட்டையைப் பிரிப்பதற்கு முன் ஒரு வெப்பமானியை மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செருகிப் பாருங்கள். ஃபோர்சித்தியா பூப்பதைக் கவனியுங்கள். உறைபனி படர்ந்த காலையில் பிள்ளைகளைச் சற்றுப் பொறுத்து விளையாடச் சொல்லுங்கள். கோல்ஃப் மைதான வாசலில் 'இன்று மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைப் பார்த்தால், உள்ளே வேலை நடக்கவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். வேர் வளர்கிறது என்று பொருள்.